ஆற்று மணலும் ஒரு சந்நிதி

கொங்கு நாட்டுக் காவிரிக் கரையில், கடைகளும் ஒலிபெருக்கிகளும் எட்டாத துறைகள் இன்னும் சில உள்ளன. அங்கே இறைவனைத் தொழுத முன்னோர், மணலையும் நீரையும் தவிர வேறெதையும் தேடவில்லை.

விடியற்காலை நேரம். கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும், காவிரியின்மேல் படிந்திருந்த மெல்லிய பனி மெதுவாக விலகுகிறது. எதிர்க்கரையின் தென்னை மரங்கள் முதலில் நிழலாகவும் பின்னர் பசுமையாகவும் புலப்படுகின்றன. பாறை இடுக்குகளில் நீர் சலசலக்கும் ஓசையும், இரை தேடும் கொக்குகளின் சிறகொலியும் அன்றி வேறு சத்தம் இல்லை. ஆற்றின் நடுவே பாறைத் திட்டின்மீது, நீர் சூழ, ஒரு சிவாலயம் அமைதியாக வீற்றிருக்கிறது. இறைவனின் திருநாமம் நட்டாற்றீஸ்வரர். நடு ஆற்றில் எழுந்தருளியவர் என்பது அதன் பொருள்.

ஈரோட்டிலிருந்து கொடுமுடி வழியாகக் கரூர் செல்லும் சாலையில், சாவடிப்பாளையம் புதூரில் பிரிந்து காவிரியை நோக்கிச் சென்றால் வரும் சிற்றூர் காங்கயம்பாளையம். வழியெங்கும் நெல்லும் கரும்பும் வாழையும் மஞ்சளும் மாறி மாறித் தழைக்கின்றன. பவானி ஆற்று நீரை நொய்யல் வரை கொண்டு செல்ல, 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இன்றும் காவிரிக்கு இணையாக ஓடி இப்பகுதிக்குச் சோறிடுகிறது. ஒரு புறம் மனிதன் வெட்டிய வாய்க்கால், மறுபுறம் இறைவன் அளித்த நதி. இரண்டுக்கும் இடையே பயணம் செய்து, ஆற்றின் நடுவே அமர்ந்திருக்கும் ஈசனைத் தரிசிக்கும்போது, கொங்கு மண்ணின் வாழ்வு எதைச் சார்ந்து நிற்கிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

திருவிழா நாட்களை விடுத்துச் சாதாரண நாட்களில் சென்றால், இங்கே கூட்டம் இராது. நதியும் தெய்வமும் வழிபடுபவரும் மட்டுமே இருக்கும் அந்தத் தனிமையே இத்தலத்தின் பெருஞ்செல்வம்.

மணலில் எழுந்த மகாலிங்கம்

காவிரிக்கும் அகத்தியருக்கும் உள்ள தொடர்பைத் தமிழகத்தில் அறியாதவர் இல்லை. முனிவரின் கமண்டலத்தில் அடங்கியிருந்த காவிரியை, விநாயகப் பெருமான் காக வடிவில் வந்து கவிழ்த்துவிட, அது நதியாகப் பெருகியது என்பது புராணம். அந்த அகத்தியரே இவ்விடம் வந்தபோது சிவபூசை செய்ய விரும்பினார் என்றும், ஆற்று மணலைத் திரட்டி லிங்கமாகப் பிடித்து வழிபட்டார் என்றும், அந்த மணல் லிங்கமே இறுகி நட்டாற்றீஸ்வரராக நிலைபெற்றது என்றும் தல வரலாறு கூறுகிறது.

மணலை லிங்கமாகப் பிடித்து வணங்கிய வரலாறு இத்தலத்துக்கு மட்டும் உரியதன்று. ராமேஸ்வரத்தில், கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரச் சென்ற அனுமன் திரும்பத் தாமதமாயிற்று. பூசைக்குரிய நேரம் நெருங்கவே, சீதாபிராட்டி கடற்கரை மணலைக் குவித்து லிங்கம் அமைத்தாள். அந்த மணல் லிங்கமே ராமநாதர். பின்னர் வந்த அனுமன் அதைப் பெயர்க்க முயன்றும் இயலவில்லை. காஞ்சியில், கம்பை நதிக்கரையில் மாமரத்தின் அடியில் அன்னை காமாட்சி மணலால் லிங்கம் செய்து பூசித்தாள். வெள்ளம் பெருகி வந்தபோது, லிங்கம் கரைந்துவிடுமோ என்று அஞ்சி அதை மார்போடு தழுவிக்கொண்டாள். தழுவக் குழைந்த அந்த நாதனுக்கு இன்றளவும் நேரடியாக நீரால் அபிஷேகம் செய்வதில்லை.

ஒருவர் முனிவர், ஒருத்தி அரசி, ஒருத்தி உலக அன்னை. மூவருக்கும் வழிபடும் வேளை வந்தபோது கோயில் இல்லை. சிற்பி செதுக்கிய திருமேனியும் இல்லை. கைக்கு எட்டியது காலடியிலிருந்த மணல். அதில் அவர்கள் இறைவனைக் கண்டார்கள். கோபுரங்களும் மண்டபங்களும் பின்னாளில் எழுந்தவை. வழிபாட்டின் முதல் பீடம், நீர்க்கரையின் ஈர மணல்தான்.

ஏழு கல்லில் கன்னிமார்

புராணத்தில் மட்டுமா? கொங்கு நாட்டு எளிய மக்களின் வழிபாட்டிலும் இதே நெறி தொடர்கிறது. ஆற்றங்கரையில் ஏழு கூழாங்கற்களைப் பொறுக்கி, நீரில் கழுவி, வரிசையாக நட்டு, மஞ்சளும் குங்குமமும் இட்டு, பூச்சூட்டினால் அவை ஏழு கன்னிமார். அருகே ஒரு கல்லை நட்டால் அவர்களுக்குக் காவலாகக் கருப்பராயன். பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி வழிபட்டுக் குடும்பம் வீடு திரும்பும். அடுத்த வெள்ளத்தில் அந்தக் கற்கள் ஆற்றோடு போய்விடும். மறு ஆண்டு புதிதாக ஏழு கற்கள். தெய்வத்தை நதியிடமிருந்து பெற்று, வழிபட்டு, நதியிடமே ஒப்படைக்கும் இந்த வழிபாட்டில் கரைக்குச் சுமையாக எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆடி 18 வந்தால் கொங்கு ஊர்களில் நோம்பிக் களை கட்டிவிடும். மரக்கிளைகளில் தூரி கட்டி, சிறுமியர் முதல் பாட்டிமார் வரை ஆடுவார்கள். ஆற்றங்கரையில் பெண்கள் முளைப்பாலிகையை நீரில் விட்டு, காதோலை கருகமணி வைத்துக் காவிரித் தாயை வணங்குவார்கள். புதுமணப் பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். இன்று 70 வயதைக் கடந்தவர்களுக்கு, கூண்டு வண்டியில் கட்டுச்சோற்று மூட்டையுடன் ஆற்றுக்குப் போன நாட்கள் கண்ணுக்குள் நிற்கும். வண்டியைக் கரையில் அவிழ்த்து விட்டு, மாடுகளைக் குளிப்பாட்டி, மணலில் பாய் விரித்து, வாழை இலையில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் பரிமாறிய நாட்கள் அவை.

குடிநீர் எடுத்துச் செல்லும் வழக்கம் அப்போது இல்லை. நீரோட்டத்திலிருந்து சற்று விலகி, மணலைக் கையால் முழங்கை ஆழம் தோண்டினால் போதும். முதலில் கலங்கல் நீர் ஊறும். அதை இறைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், அடியிலிருக்கும் மணல் தெரியும்படி தெளிந்த நீர் நிரம்பும். அதைக் கை நிறைய அள்ளிக் குடித்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி மறக்காது. வள்ளுவப் பெருந்தகை, கற்கக் கற்கப் பெருகும் அறிவுக்குத் தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைத்தானே உவமையாக்கினார்! அந்த உவமையை விளக்கவுரை இன்றிப் புரிந்துகொண்ட தலைமுறை அது.

கொடுமுடியும் வன்னி இலையும்

காங்கயம்பாளையத்திலிருந்து அதே கரையில் தெற்கே சென்றால் கொடுமுடி. தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி, இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. ஆதிசேடனுக்கும் வாயுதேவனுக்கும் நடந்த பலப்பரீட்சையில் மேரு மலையின் சிகரங்கள் சிதறியபோது, வைர மணியாக ஒரு சிகரம் விழுந்த இடம் இது என்பது ஐதீகம். மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் மூன்று முகங்களுடன் பிரம்மதேவர் என மும்மூர்த்திகளும் ஒரே வளாகத்தில் அருள்பாலிக்கும் தலம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற பெருமை உடையது. தாம் மறந்தாலும் தம் நா மறவாமல் ஐந்தெழுத்தைச் சொல்லும் என்று சுந்தரமூர்த்தி நாயனார் உருகிய நமச்சிவாயப் பதிகம் பிறந்ததும் இந்தக் காவிரிக் கரையில்தான். 1908-இல் இவ்வூரில் பிறந்து, தம் வெண்கலக் குரலால் முருகனைத் தமிழகத்தின் வீடுதோறும் அழைத்துவந்த கே.பி. சுந்தராம்பாளையும் இந்தக் காவிரி மண்தான் வளர்த்தது.

பங்குனி உத்திரத்தை ஒட்டி, கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்து காவடி எடுப்போர் கொடுமுடிக்கு வந்து காவிரியில் நீராடி, கலசங்களில் தீர்த்தம் நிரப்பி, அதில் வன்னி இலையை இட்டு, பழனி வரை நடந்தே கொண்டு செல்கின்றனர். வன்னி இலை இட்ட நீர் பல நாட்கள் ஆனாலும் கெடாது என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. மலைமேல் நிற்கும் தண்டபாணிக்கு ஆற்றின் மடியிலிருந்து நீர் போகிறது. அந்த நீர் தூயதாக இருக்க வேண்டும் என்ற கவலை, ஒரு பச்சை இலையின் வடிவில் அந்தக் கலசத்துக்குள்ளேயே மிதக்கிறது.

கொடுமுடியைப் போலவே, காவிரியும் பவானியும் கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் கூடும் பவானிக் கூடுதுறையும் பெருங்கூட்டம் வந்து செல்லும் துறை. அமாவாசை நாட்களில் ஆயிரக்கணக்கானோர் முன்னோருக்குக் கடன் ஆற்றும் இத்தகைய இடங்களில் படித்துறையும், பிடித்துக்கொள்ளக் கம்பியும், உடை மாற்றும் அறையும் இன்றியமையாதவை. முழங்கால் வலியோடு வரும் மூத்தவர்களுக்கு அவை பேருதவி. அவ்வசதிகள் இன்னும் பெருக வேண்டும்.

ஆனால் எல்லாத் துறைகளும் அப்படியே ஆகிவிட வேண்டுமா? நட்டாற்றீஸ்வரர் துறையைப் போலவும், இடையிடையே பெயரில்லாத கிராமத்துத் துறைகளைப் போலவும், நாணலும் மணலும் பாறையுமாக விடப்பட்ட கரைகள் சில இருக்க வேண்டும். மணலில் லிங்கம் பிடிக்கவும் ஏழு கல் எடுத்து வைக்கவும், கல் பாவாத கரை ஒன்று தேவைப்படுகிறது அல்லவா!

மணல் செய்யும் தொண்டு

ஆற்று மணல் வெறும் மண்ணன்று. ஒரு படி நிறைய உலர்ந்த மணலை எடுத்து, அதில் மெதுவாக நீர் ஊற்றிப் பார்த்தால், கால் படிக்கும் அதிகமான நீரை மணல் தனக்குள் வாங்கிக்கொள்வதைக் காணலாம். மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அத்தனையும் நீர் தங்கும் அறைகள். வெள்ளம் வரும்போது மணல் படுகை நீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளம் வடிந்த பின், கரையோரக் கிணறுகளுக்கு அதைச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. கோடையில் ஆறு வற்றியது போலத் தோன்றினாலும், மணலுக்கு அடியில் நதி ஓடிக்கொண்டிருக்கும். நீரை வெயில் உறிஞ்சாமல் காப்பதும், அழுக்கை வடிகட்டித் தெளிவிப்பதும் மணலே. அக்காலத்தில் கையால் தோண்டிய ஊற்றில் தெளிந்த நீர் கிடைத்ததன் ரகசியம் இதுதான்.

இந்த மணல் ஒரு நாளில் உண்டானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் காற்றிலும் மழையிலும் பல்லாயிரம் ஆண்டுகள் தேய்ந்து, வெள்ளத்தோடு உருண்டு வந்து சேர்ந்தவை இத்துகள்கள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணை டெல்டாவுக்குச் சோறளிக்கிறது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், அணைக்குக் கீழே உள்ள காவிரிக்குப் புதிய மணல் வருவது அரிதாகிவிட்டது என்பதும் உண்மை. ஆகவே இங்கே எஞ்சியிருக்கும் மணலின் பெரும்பங்கு முன்னோர் காலத்துச் சேமிப்பு. செலவழித்தால் மீண்டும் எளிதில் சேராது.

அந்தச் சேமிப்பைத்தான் கட்டுமானத் தேவைக்காகப் பல ஆண்டுகள் லாரி லாரியாக அள்ளினார்கள். மணல் போன இடங்களில் ஆற்றுப் படுகை தாழ்ந்தது. அதோடு சேர்ந்து கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்ந்தது. 2018 ஆகஸ்ட் மாதம் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது, திருச்சிக்கு அருகே முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1830-களில் கட்டப்பட்ட மேலணையின் 9 மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. அதற்குக் கூறப்பட்ட காரணங்களில், ஆற்று மணல் அளவுக்கு மீறி அள்ளப்பட்டதும் ஒன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகள் வெள்ளங்களைத் தாங்கிய கட்டடத்துக்கு, காலடியில் இருந்த மணலும் ஒரு துணையாக இருந்திருக்கிறது.

காஞ்சிமாநதி சொல்லும் பாடம்

நதியின் தூய்மை போனால் என்ன நேரும் என்பதைக் கொங்கு நாடு வேறெங்கும் சென்று அறிய வேண்டியதில்லை. தென்கயிலை எனப் போற்றப்படும் வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கொடுமுடிக்குக் கீழே கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது நொய்யல். அதன் புராணப் பெயர் காஞ்சிமாநதி. அதன் கரையில்தான் மேலைச் சிதம்பரம் எனப்படும் பேரூரில் பட்டீசுவரர் வீற்றிருக்கிறார். பிறவாப்புளி, இறவாப்பனை என்று பேரூரின் அதிசயங்களைச் சொல்லும் பெரியவர்கள், இங்கு ஆற்றில் இடப்படும் அஸ்தி வெண்கல்லாக மாறும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

அதே நொய்யலின் கரையில், சென்னிமலைக்கு அருகே உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் போற்றப்பட்ட ஊர். சங்க காலத்தில் நீலக்கல்லும் பச்சை நிறக் கற்களும் பட்டை தீட்டப்பட்டு அயல்நாடுகளுக்குச் சென்றதற்கான சான்றுகள் அங்கே நடந்த அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே தொழிலும் நதியும் ஒரே கரையில் ஒன்றாக வாழ்ந்தன என்பதற்கு அவ்வூர் சாட்சி.

அண்மைக் காலத்தில் அந்த உறவு முறிந்தது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் சாயக் கழிவு நீர் தேங்கியது. நீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய உழவர்கள், அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. வழக்குகள் பல நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரை ஆற்றில் விடாத முறையை முழுமையாக நிறைவேற்றும் வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் மாற வேண்டியதாயிற்று. ஒரு நதியை இழப்பதற்குச் சில ஆண்டுகள் போதுமானவை. மீட்பதற்கு ஒரு தலைமுறைக் காலமும் போதவில்லை என்பதை நொய்யல் உணர்த்திவிட்டது.

பக்தர்கள் கையில் உள்ளது

ஆலைக் கழிவையும் மணல் லாரியையும் பேசும்போது, பக்தியின் பெயரால் நதிக்கு நேர்வதையும் மறைத்தல் தகாது. பரிகாரம் என்று சொல்லி, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டு வரும் பழக்கம் பல தீர்த்தத் துறைகளில் பெருகிவிட்டது. பாவம் துணியோடு போகிறது என்று எண்ணி விட்டுச் செல்கிறார்கள். அந்தத் துணி போவதில்லை. நாணல் வேரிலும் பாறை இடுக்கிலும் சிக்கி, சேறு பிடித்து, அடுத்து நீராட வருபவரின் காலைச் சுற்றுகிறது. நெகிழிப் பையோடு வீசப்படும் பூக்களும், படங்களும், பூசைப் பொருட்களும் அவ்வாறே.

நீர்நிலையில் உமிழ்வதும், அசுத்தம் செய்வதும், தூய்மையற்றவற்றை எறிவதும் கூடாது என்று தர்ம நூல்கள் தெளிவாகவே விலக்கியுள்ளன. சங்கல்பத்தின்போது கங்கை, யமுனை முதலிய ஏழு புண்ணிய நதிகளுள் ஒன்றாகக் காவிரியையும் பெயர் சொல்லி அழைக்கிறோம். ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்குக் கங்கை முதலான நதிகளே தம் பாவம் நீங்கக் காவிரிக்கு வருகின்றன என்கிறோம். அத்தனை விருந்தினர் வரும் வீட்டின் முற்றத்தில் பழந்துணியை எறியலாமா? எள்ளும் தர்ப்பையும் பிண்டமும் நீரில் கரையும், மீனுக்கு இரையாகும். முன்னோர் வகுத்த பொருட்கள் அத்தனையும் நதி ஏற்றுக்கொள்ளக் கூடியவை. அவற்றோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அமைதியான துறைக்குச் செல்வோர், தம் பாதுகாப்பையும் கருத வேண்டும். மணல் அள்ளப்பட்ட இடங்களில் மேலே தெரியாத பள்ளங்கள் இருக்கும். பாசி படர்ந்த பாறைகள் வழுக்கும். இப்பகுதிக் காவிரியில் மின் உற்பத்திக்கான கதவணைகள் பல இருப்பதால், அவை திறக்கப்படும்போது நீர்மட்டம் திடீரென உயரக்கூடும். உள்ளூர் மக்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில், முழங்காலளவு நீரில் நிற்பதே நல்லது. தனியே இறங்குதல் கூடாது.

நீரில் மூழ்கி எழ இயலவில்லையே என்று மூத்தவர்கள் வருந்தவும் வேண்டாம். சாத்திரங்கள் ஸ்நானத்தை ஐந்து வகையாகச் சொல்கின்றன. நீரில் மூழ்குவது வாருணம். உடலெங்கும் திருநீறு பூசிக்கொள்வது ஆக்னேயம். பசுக்களின் குளம்படித் தூசி மேலே படுவது வாயவ்யம். வெயிலோடு பெய்யும் மழையில் நனைவது திவ்யம். மந்திரம் சொல்லி நீரைத் தெளித்துக்கொள்வது பிராம்மம். ஆகவே கரையில் அமர்ந்து, யாரேனும் சொம்பில் கொண்டுவந்து தரும் காவிரி நீரை இறைநாமம் சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டு, நெற்றியில் திருநீறு அணிந்துகொண்டால், அதுவே நீராடல்தான்.

காலை வெயில் ஏறியதும், வழிபாட்டை முடித்த குடும்பங்கள் இலையையும் பாத்திரங்களையும் எடுத்து வைக்கத் தொடங்குகின்றன. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் விளையாடிய பேரக் குழந்தை, ஈர மணலைக் குவித்துத் தன் கையளவுக்கு ஒரு மேடு செய்து, அதன்மேல் ஓர் அரளிப் பூவை வைக்கிறது. அதற்கு அகத்தியர் கதை தெரியாது. பாட்டி அதைக் கலைக்கவில்லை, கைகூப்பிவிட்டு நடக்கிறாள். மாலையில் நீர் ஏறும்போது காவிரி அதை எடுத்துக்கொள்வாள். இன்னொரு குழந்தை வந்து மணலில் கை வைக்கும்போது, அந்த மணல் அங்கே இருக்க வேண்டும்.

செல்லும் வழி: ஈரோட்டிலிருந்து கொடுமுடி, கரூர் செல்லும் சாலையில் சாவடிப்பாளையம் புதூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் காங்கயம்பாளையம் ஆற்றங்கரையை அடையலாம். கோவை அன்பர்கள் ஈரோடு வரை ரயிலில் வந்து அங்கிருந்து செல்வது எளிது. கொடுமுடி, ஈரோடு - கரூர் ரயில் பாதையில் உள்ள நிலையம். காலையில் நட்டாற்றீஸ்வரரைத் தரிசித்து, அதே நாளில் கொடுமுடி மகுடேசுவரரையும் வணங்கித் திரும்பலாம். ஆற்றில் வெள்ளம் மிகுந்துள்ள நாட்களில், கோயிலுக்குச் செல்ல இயலுமா என்பதை ஊரில் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நலம். உடன் கொண்டு செல்ல வேண்டியவை: குடிநீர், வழுக்காத காலணி, கைத்தடி, மாற்று உடை, கரையில் சேரும் குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு துணிப்பை.